கடல் ஆய்வு நிலையத்தில் கோடைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. படிக்கும்போது மன்னார் வளைகுடாக் கரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் கல்லூரித் தம்பி தங்கைகளிடமிருந்து போன் வரும். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கடல் ஆய்வு நிலையம் நம் பக்கம் எங்கெங்கே இருக்கிறது?

முதலில் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது. தொடக்க காலத்தில் அதன் தலைமையகமே மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-ல் கொச்சிக்குப் போன பிறகு மண்டபம் அதன் மண்டல மையமானது. 'முகாம்' என்ற பெயரைக் கேட்டு ராணுவ முகாம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் அது. அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. 2010-ல் கடல் விரால் மீனை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்ததும் இங்கேதான்.

அடுத்தது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் 1961 முதல் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்தில். ஆறு, கழிமுகம், கடல், சதுப்பு எல்லாம் ஒரு நாள் நடைக்குள் அடங்கும். தூத்துக்குடியில் மத்திய நிறுவனத்தின் நிலையமும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. 1973-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கடல் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டியது அந்த ஊர். பொறியியல் பக்கம் ஆர்வம் என்றால் சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம்.

நான் கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் மண்டபத்தையும் பரங்கிப்பேட்டையையும் மனதில் வைத்துத்தான்.

எந்த மாதம் போவது நல்லது?

இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எல்லாரும் 'மே மாதம் லீவு, அப்போது வருகிறேன்' என்று முடிவு செய்துவிட்டுத்தான் போன் செய்கிறார்கள். லீவு உங்கள் கல்லூரிக்கு. கடலுக்கு வேறு காலண்டர் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், சிலது மேலே ஏற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும். இழுவலையில் வரும் மீன்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று தலைப்பு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மே 2-ஆம் தேதி பெட்டியோடு வந்து இறங்கிய ஒரு பையனை எனக்குத் தெரியும். மீன் இறங்குதளத்தில் அவனும் நாலு பூனையும்தான் இருந்தார்கள்.

அப்புறம் காற்று. மண்டபத்தில் நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டிருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊரில் தென்கடல், வடகடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று பிடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் அப்படியே தலைகீழ். ஜூன் மாதம் தென்கடலில் படகில் போய் வேலை செய்யத் திட்டம் போட்டால் பாதி நாள் அறையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். வடகடல் பக்கமாகத் தலைப்பு எடுத்தால் தப்பித்தீர்கள்.

மூன்றாவது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் மன்னார் வளைகுடாவில் நீரின் வெப்பம் 30 டிகிரிக்கு மேலே போகும். பவளப் பாறைகள் வெளுப்பது அப்போதுதான். 2010-லும் 2016-லும் மோசமாக வெளுத்தன. பவள உயிருக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்கக் கோடையைப் போல வேறு காலம் கிடையாது.

ஆக, மே மாதம் போகக் கூடாது என்பதில்லை. மே மாதம் கடலில் என்ன நடக்கிறதோ அதைத் தலைப்பாக எடுங்கள்.

சரி, தடைக்காலத்தில் எதைத்தான் செய்வது?

நிறைய இருக்கிறது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவை வழக்கம்போலக் கடலுக்குப் போய்வரும். நெத்திலி, சாளை, காரல் எல்லாம் கரைக்கு வரும். ஒரே மீன் இனத்தில் 150 மீன் எடுத்து நீளம், எடை பார்த்தாலே ஒரு மாத வேலை ஆகிவிடும். மீன் தன் வடிவம் மாறாமல் வளர்ந்தால், நீளம் இரண்டு மடங்காகும்போது எடை எட்டு மடங்காக வேண்டும். உங்கள் மீன் அந்தக் கணக்குக்கு மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. கீழே இறங்கினால் மீன் நீண்டுகொண்டே மெலிகிறது என்று பொருள். ஒரு மாத அளவை வைத்து 'இந்த மீன் வருடத்துக்கு இவ்வளவு வளர்கிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஒரு வருட அளவு வேண்டும்.

கடற்புல் திட்டுகளில் சதுரச் சட்டம் வைத்து எண்ணுவது இன்னொன்று. இடுப்பளவு நீரில் நின்றே செய்யலாம், படகுச் செலவு இல்லை. பாக் விரிகுடாவின் கடற்புல்தான் ஆவுளியா என்னும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். 2022-ல் அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்த வேலைக்கு ஏற்றவற்றம் பார்த்துப் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். பஞ்சாங்கம் உள்ள தினசரி காலண்டர் ஒன்று வாங்கி அறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பரங்கிப்பேட்டை என்றால் கழிமுகத்தின் உப்பு அளவு நல்ல தலைப்பு. கார்த்திகையில் வெள்ளம் வரும்போது மேல் நீர் கிட்டத்தட்ட நன்னீராக இருக்கும் இடத்தில், மே மாதம் கடல் நீரே ஏறி நிற்கும். அப்போது எந்த மிதவை உயிரி உள்ளே வருகிறது என்று வலை போட்டுப் பார்க்கலாம்.

பொரிப்பகத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கே தடைக்காலமும் காற்றும் ஒன்றும் செய்யாது. ஆனால் தூக்கம் போய்விடும். மீன் குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி கொடுக்க வேண்டும். முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவை உயிரி, வாய் பெரிதானதும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் மாதிரியான உயிரி. ஆர்ட்டீமியா முட்டை பொரிய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும் என்பதால் நாளைய சாப்பாட்டை இன்றைக்கே போட்டு வைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் தொட்டியின் அடியில் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடக்கும். யாரும் திட்ட மாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

விண்ணப்பம் எப்படிப் போடுவது?

இரண்டு வழி. ஒன்று, மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் (பெங்களூரு, புது தில்லி, பிரயாக்ராஜ்) சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி நல்கை. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. ஆனால் முந்தைய ஆண்டு கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். மார்ச்சில் விழித்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

இரண்டாவது வழி, விஞ்ஞானிக்கு நேரடியாக எழுதுவது. நிலையத்தின் இணையப் பக்கத்தில் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று இருக்கும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்துவிட்டு, பத்து வரியில் எழுதுங்கள்: யார் நீங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைக் கற்க ஆசை, என்ன செய்யத் தெரியும். 'ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் மரைன் பயாலஜி' என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு நூறு வந்திருக்கும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்குச் சேர்த்து அனுப்பினால் நாற்பது பேரும் அடுத்தவர் பதில் போடுவார் என்று விட்டுவிடுவார்கள். அவர் சரி என்றதும் துறைத் தலைவர் கையெழுத்தோடு கல்லூரிக் கடிதம் போக வேண்டும். அலுவலகக் கோப்பு நகர நேரம் பிடிக்கும். பொங்கலுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

பணம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. சில இடங்களில் நீங்கள்தான் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். தங்கும் விடுதி இருக்கிறதா, கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வந்து, பாதியில் ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. மாதிரி மீனையும் பல சமயம் நாம்தான் ஏலத்தில் வாங்க வேண்டும். அதனால்தான் வஞ்சிரத்தில் தலைப்பு எடுக்காதீர்கள் என்கிறேன். காரல் எடுங்கள். பை தாங்கும்.

நான் விலங்கியல் மாணவன் இல்லை. சேர முடியுமா?

முடியும். இயற்பியல், கணிதம், கணினி படித்தவர்களுக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல் தகவல் மையம் பொருத்தமான இடம். செயற்கைக்கோள் படத்தை வைத்து மீன் கிடைக்கக்கூடிய பகுதியைக் கணித்து மீனவர்களுக்குச் சொல்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. பொருளாதாரம், சமூகவியல் படிப்பவர்களுக்கும் வேலை கொட்டிக் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்களின் வருமானம், தடை, உடல்நிலை எல்லாம் ஆய்வுக்குரியவைதாம். அங்கே மூங்கில் மிதவையில் வளர்க்கும் ஒரு பாசிக்கு 'பெப்சி பாசி' என்று பெயர். ஒரு காலத்தில் அந்தக் கம்பெனி ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் போனேன். கரையோர வேலைக்கும் ஆய்வக வேலைக்கும் அது தடையில்லை. படகில் ஏறினால் மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும், நீச்சல் சாம்பியனாக இருந்தாலும் சரி. படகுக்காரர் போடாமல் நிற்கிறாரே என்று பார்க்காதீர்கள். ஆழ்மூழ்குதல் ஆசையில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சான்றிதழ் இல்லாத பயிற்சி மாணவரைச் சிலிண்டர் மாட்டி இறக்க மாட்டார்கள். அது சரியும்கூட.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஐந்து மணிக்கு இறங்குதளம். படகு வந்ததும் ஏலம், சத்தம், ஐஸ், ஈ. கேட்டு வாங்கிய மீனை உடனே ஐஸில் போட வேண்டும். குடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறீர்கள் என்றால் இது உயிர்நாடி, ஏனென்றால் மீன் செத்த பிறகும் வயிற்றில் செரிமானம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் டீக்கடையில் நின்றால் உள்ளே வெறும் கூழ்தான் மிஞ்சும். எட்டு மணிக்கு ஆய்வகம். அளக்க, எடை போட, அறுக்க, சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை (மீனின் வயதைக் கணிக்க உதவும் சின்னக் கல்) எடுத்துத் துடைத்து வைக்க. மதியம் ஆகிவிடும். சாயங்காலம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும்.

அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாளும் அதே. இரண்டாவது வாரத்தில் எல்லாருக்கும் 'இதற்கா வந்தோம்' என்று தோன்றும். எனக்குத் தொண்ணூறாவது மீனில் தோன்றியது. நூற்றுப் பத்தாவது மீனில், அளக்காமலே கையில் எடுத்ததும் எடை சொல்ல முடிந்தது. கிராம் கணக்கில் ஒன்றிரண்டு தவறும், அவ்வளவுதான்.

விசைப்படகு ஓடும் காலத்தில் ராமேஸ்வரம் பக்கம் போனால் அங்கே மீனவர்களின் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. எந்த நாள் யாருடையது என்று தெரியாமல் ஐந்து மணிக்கு எழுந்து போவது வீண்.

மீனவர்களிடம் எப்படிப் பேசுவது?

ஏலம் முடியும்வரை பேசாமல் நிற்பது முதல் பாடம். வலையை மிதிக்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கூறு போட்டு விற்கும் அம்மாக்களிடம் 'இது என்ன மீன்?' என்று கேட்டால் நம் பாடப்புத்தகத்தில் இல்லாதது எல்லாம் வரும். இழுவலையில் சேர்ந்து வரும் பொடிசுக்குச் 'சங்காயம்' என்று பெயர். கோழித் தீவனத்துக்குப் போகும் அந்தக் குவியலில்தான் அபூர்வமான மாதிரிகள் கிடைக்கும்.

ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பி எழுதாதீர்கள். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள். சென்னையில் சீலா என்றால் அது தெற்கே ஊளி. பெயரோடு அறிவியல் பெயரும் எந்த ஊர் என்பதும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் குறிப்புக்கு மதிப்பு.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, பழைய கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்போடு பாறையில் இறங்கினால், அதில் ஒட்டி வளரும் கூர்மையான ஓட்டு உயிரியான கொட்டலசு காலைக் கிழித்துவிடும். முக்கியமாக, பென்சில். சும்மா சொல்லவில்லை. நான் மூன்று நாள் சேகரித்த மிதவை உயிரி மாதிரிகளுக்கு அழகான ஜெல் பேனாவில் பெயர்ச்சீட்டு எழுதி ஆல்கஹால் குப்பியின் வெளியே ஒட்டினேன். ஒரு குப்பி கசிந்தது. நாலாம் நாள் காலையில் இருபத்திரண்டு குப்பி, ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். தடித்த தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும் என்பது ஆய்வக உதவியாளர் அண்ணன் முதல் நாளே சொன்னதுதான்.

தீவுகளுக்குப் போகலாமா? சங்கு, பவளம் எடுத்து வரலாமா?

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் ஆய்வுக்காகக்கூட இறங்க முடியாது. அந்த அனுமதி உங்கள் இரண்டு மாதத்துக்குள் வருவது சிரமம். ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் விஞ்ஞானியோடு போனால்தான் உண்டு.

பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, ஆவுளியா எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு என்றாலும் எடுக்காதீர்கள். கல்லூரி அருங்காட்சியகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு போய்ச் சோதனையில் மாட்டினால் 'நான் மாணவன்' என்பது பதில் ஆகாது.

ஆபத்து ஏதாவது?

கடலைவிட வெயிலில் விழுகிறவர்கள் அதிகம். தண்ணீர் குடியுங்கள். மணல் பாங்கான ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள், சூட்டில் வலி தணியும். ஆய்வகத்தில் ஃபார்மலின் இருக்கும். அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள். கையுறை போட்டு, ஜன்னல் திறந்து, அல்லது காற்றுறிஞ்சி அடியில் வைத்துத்தான் கையாள வேண்டும். 'நாங்கள் முப்பது வருடமாக வெறும் கையில்தான்' என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டுங்கள்.

பெண்ணைத் தனியாக அனுப்பலாமா? (ஒரு அப்பா கேட்டது)

அனுப்பலாம் சார், ஆனால் மூன்று விஷயம் விசாரித்துவிட்டு. பெண்களுக்குத் தனி விடுதி இருக்கிறதா, விடியற்காலை இறங்குதளத்துக்கு யாரோடு போவாள், படகில் இன்னொரு பெண் இருப்பாரா. நல்ல வழிகாட்டி இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். படகில் கழிப்பறை இல்லை என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போய் மயங்கி விழுந்த தோழி ஒருத்தி உண்டு. அரைநாள் பயணமாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் தருகிறார்கள்.

முடிவு ஒன்றும் வரவில்லை என்றால்?

ஒரு மாதத்தில் பெரிய முடிவு வராது. 'எட்டு நாள் வலை போட்டோம், மூன்று நாள் காற்று, ஐந்து நாள் மாதிரி கிடைத்தது, இவ்வளவு பார்த்தோம்' என்று எழுதுங்கள். போன வருட அக்காவின் அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்துக் கொஞ்சம் மாற்றிப் போடும் வழக்கம் இருப்பது எனக்கும் தெரியும். தடைக்காலத்தில் இழுவலை மீனின் அளவு எழுதியிருந்த ஓர் அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன். தேதியே காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வருமா?

எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் எடுத்த அளவுகள் நிலையத்தின் தொடர் ஆய்வில் ஒரு சின்னப் பங்கு. கருத்தரங்கில் சொல்ல வேண்டுமென்றாலும் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டே சொல்லுங்கள். சான்றிதழ் வரும். அதைவிட உதவுவது, இரண்டு வருடம் கழித்து உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வருவது.

வெளிநாட்டில் முயற்சி செய்யலாமா?

அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் என்ற சின்ன ஊரில் 1888-ல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகமும் 1930-ல் தொடங்கிய கடலியல் நிறுவனமும் இருக்கின்றன. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த நாட்டு அரசின் அறிவியல் நிதியில் நடக்கும் இளங்கலைக் கோடைத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். தகுதி வரியை முதலில் படியுங்கள்.

அளந்த மீனைச் சமைக்கலாமா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. ஐஸிலேயே இருந்தது, ஃபார்மலின் படவில்லை, வழிகாட்டி சரி என்கிறார் என்றால் சமைக்கலாம். காரல் சொதி நன்றாக வரும். செவிக்கல்லை எடுத்துவிட்டீர்களா என்று மட்டும் சட்டியில் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.